மூழ்கியவள் சொன்னால் செல்லாது

உலகத்தில் யாரையும் நம்பாதவர்கள் நிறையப் பேர் உண்டு. தன்னையே நம்பாத மனிதர் என்று திருவனந்தபுரம் முழுக்கத் தேடினால் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். கரமனையில் எங்களுக்கு அடுத்த தெரு. ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆதாரம் சார். சொந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது என்னென்ன செய்யக் கூடாது என்று வருஷக் கணக்கில் எனக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான். பெயரைப் போட்டால் பத்திரிகை கடைக்கு வந்த சூட்டோடு போன் வரும்.

ஒரு நாள் சாலைக் கடைத்தெருவிலிருந்து தொப்பலாக நனைந்து அவர் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"சாலையில நல்ல மழை ஓய்," என்றேன்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தலையிலேர்ந்து சொட்டறது பாரும்!"

"நீர் நனைஞ்சிருக்கீர். அது தெரியறது. மழையிலதான் நனைஞ்சீர்ங்கறதுக்கு என்ன இருக்கு?"

துண்டு கொடுத்தார். ஆனால் மழையை ஒப்புக்கொள்ளவில்லை.

சாலையில் ஒரு பழக்கடைக்காரர், "இது அசல் நாஞ்சில் நாட்டு ஏத்தம்பழமாக்கும் சாரே," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதற்கு என்ன ஆதாரம் என்று இவர் கேட்க, கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "சாரே, வாழைக்குலைக்கு ஜாதகமா எழுதி வச்சிருக்கான்? வேணும்னா எடுங்க, இல்லேன்னா வழிய விடுங்க!" அன்றிலிருந்து இவர் தலை தெரிந்தால் அந்தக் கடையில் பழத்துக்கு ஊர் கிடையாது. வெறும் பழம்தான்.

அரசாங்க ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் கோவிலுக்குப் போவார்கள், சர்க்கரைக்காக நடப்பார்கள். இவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். இணையத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் உயிரோடு இருக்கும் பிரபலங்களின் வாழ்க்கைக் குறிப்புகளைக் காவல் காக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். சம்பளம் கிடையாது. லீவும் கிடையாது.

அந்த உலகம் எப்படிப்பட்டது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிரிக்கெட்டில் ஒருவன் கேட்ச் விட்டால், பந்து தரையைத் தொடுவதற்குள் அவன் குறிப்பில் 'கை இல்லாதவர்' என்று சேர்த்துவிடுகிறார்கள். ஒரு பாடகிக்கு வாரம் ஒரு கணவர் வந்து சேருகிறார். வயதான நடிகர் ஒருவரை மாதம் தவறாமல் யாராவது கொன்றுவிடுகிறார்கள்.

"கொல்றவனுக்கு ஒரு நிமிஷம் போரும் ஓய். திருப்பி உயிர் கொடுக்க எனக்கு ஒரு மணிக்கூர் ஆறது," என்று அலுத்துக்கொள்வார். அந்த நடிகர் முந்தின நாள் எங்கேயாவது நகைக்கடை திறந்து வைத்த செய்தி பத்திரிகையில் இருக்கிறதா என்று தேடிப் பிடித்து, அதை ஆதாரமாக அடியில் போட்டு, அவரை எழுப்பி உட்கார வைப்பார். கொன்றவனுக்கும் மரியாதையாக ஒரு செய்தி போகும்: 'வணக்கம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. உயிருடன் இருப்பவர்களைப் பற்றி ஆதாரமின்றி எழுத வேண்டாம்.'

"மந்திரியைக் கழுதைன்னு எழுதினவனுக்குக்கூட நன்றியா ஓய்?" என்று கேட்டேன்.

"பின்னே? அவனும் உயிரோட இருக்கறவன்தானே?"

அவர் நாள் முழுவதும் இப்படி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். "செத்தவாளுக்கு ரோஷம் கிடையாது ஓய். உயிரோட இருக்கறவா காலம்பற எழுந்து, காபி குடிக்கறதுக்கு முந்தி, தன் பேரை அடிச்சுப் பார்ப்பா. அப்போ அங்கே அசிங்கம் இருக்கப்படாது. அவ்வளவுதான்."

அவர் காவலில் இருந்த குறிப்புகளிலேயே அதிகமாக அடி வாங்கியது ஒரு பிரமுகருடையது. கரமனையிலேயே பிறந்தவர், பெரிய பதவியில் இருந்தவர், இப்போது டெலிவிஷன் விவாதங்களில் பேசுகிறவர். தினம் சாயங்காலம் அவர் ஏதாவது சொல்வார், பாதி ஊருக்குக் கோபம் வரும், அந்தப் பாதி ஊரும் நேரே இணையத்துக்குப் போய் அவர் குறிப்பில் வாய்க்கு வந்ததை எழுதும். ஆதாரம் சார் பொறுமையாக ஒவ்வொன்றாகத் துடைப்பார்.

அந்தக் குறிப்பில் ஒரு வரி உண்டு. இளமையில் கரமனை ஆற்றில் மூழ்கிய ஒரு பெண்ணைக் குதித்துக் காப்பாற்றினார் என்று. பழைய பத்திரிகைச் செய்தி, பேட்டி என்று அதற்கு அடியில் ஆதாரம் வரிசையாக இருந்தது.

ஒரு நாள் அந்த வரியைக் காட்டி, "பரவாயில்லையே, இவருக்குள்ளே இப்படியும் ஒரு ஆளா!" என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. ஆதாரம் சாரின் மனைவி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"மூழ்கினவ நானாக்கும்!" என்றாள் மாமி. "என்னை இழுத்துண்டு வந்தது இதோ, இந்த மனுஷன்!"

நான் ஆதாரம் சாரைப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

கதையை மாமிதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால், படித்துறையில் துணி அலசப் போனவள் சறுக்கி விழுந்திருக்கிறாள். மழைக்கால வெள்ளம். குளித்துக்கொண்டிருந்த ஒரு பையன் நீந்திப் போய்ப் பிடித்திருக்கிறான். பிடித்தது யார் என்றுகூடத் தெரியாத பயத்தில் இவள் அவன் கையைக் கடித்துவிட்டாள். அவன் விடவில்லை. படித்துறை வரை இழுத்து வந்து, அங்கே முட்டளவு தண்ணீரில் நின்ற இன்னொரு பையன் கையில் ஒப்படைத்தான். அதன் பிறகுதான் தன் வேட்டி ஆற்றோடு போனதைக் கவனித்திருக்கிறான்.

கரை முழுக்கக் கூட்டம், பாதிக்கு மேல் பெண்கள். வேறு வழியில்லாமல் அக்கரைக்கே நீந்திப் போய் வாழைத்தோட்டத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்து, யாரோ காயப்போட்டிருந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இதற்குள் இக்கரையில் பத்திரிகைக்காரர் வந்தாயிற்று. நனைந்த உடம்போடு பெண்ணைத் தாங்கி நின்றவனைப் படம் எடுத்தாயிற்று. அந்தப் பையன்தான் பிரமுகர். "நான் இல்லை" என்று அவர் ஆரம்பித்திருக்கலாம். மாலை விழுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அப்புறம் அவரே சொல்வதை விட்டுவிட்டார்.

"இவர் என்ன பண்ணினார் தெரியுமா?" என்றாள் மாமி. "வேட்டி போன கதையை ஆத்து மனுஷாகிட்ட சொல்ல வெக்கம். கையில பல்லு பட்டிருக்கே, என்னடான்னு அம்மா கேட்டதுக்கு நாய் கடிச்சுதுன்னுட்டார். தொப்புளைச் சுத்தி ஊசி! என்னால இவருக்கு நாய்க்கடி ஊசி!"

பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவரின் தழும்பைப் பார்த்திருக்கிறாள். முன்பல் ஒன்று அவளுக்குக் கொஞ்சம் கோணல். தழும்பிலும் அதே கோணல். அடுத்த தை மாதம் கல்யாணம்.

"பல்லுத் தழும்பு இருக்கே ஓய், இதைவிட என்ன வேணும்?" என்றேன்.

"அச்சுல வந்திருக்கா? இல்லையே. மூழ்கினவ சொன்னா செல்லாது. இழுத்தவன் சொன்னா சுத்தமாச் செல்லாது. இது என் சொந்த விஷயம், அந்த வரியை நான் மாத்தி எழுதவே கூடாது," என்றார் அவர்.

அடுத்த வாரம் அந்த வரி மாறியது. 'இது பொய். காப்பாற்றியவர் வேறு ஒருவர், அதில் அவருடைய வேட்டி போய்விட்டது' என்று 'கரமனைக்காரி' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். ஆதாரம் சார் பல் தேய்த்த கையோடு அதை நீக்கி, வணக்கம், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று செய்தியும் அனுப்பினார். அனுப்பிய நொடியில் சமையலறையில் மாமியின் போன் மணி அடித்தது.

அப்புறம் அந்த வீட்டில் பல நாள் உப்புமாதான். "காபி உண்டா?" என்று இவர் கேட்டால், "பத்திரிகையில போட்டிருக்கா பாருங்கோ," என்று பதில் வரும். நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. "எனக்குப் பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம்," என்றாள் என்னிடம். "இவர் இழுத்ததாலதான் நான் இருக்கேன். அது லோகத்துல எங்கேயும் எழுதியிருக்கலைன்னா, நான் இருக்கறதே பொய் மாதிரின்னா இருக்கு?" 

அந்தச் சமயத்தில்தான் ஆற்றுப் பாதுகாப்புக் குழு ஒன்று பிரமுகருக்குப் பாராட்டு விழா வைத்தது. மூழ்கிய பெண்ணே மேடையேறி மாலை போட வேண்டும் என்று தேடி வந்து அழைத்தார்கள். மாமி உடனே சம்மதித்தாள். எதற்கென்று எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. மேடையில் சொன்னால் பத்திரிகையில் வரும். வந்தால் அது ஆதாரம்.

"தடுக்கப் போறீரா?" என்றேன்.

"மூழ்கினது அவ. சொல்லறதுக்கு அவளுக்கு அதிகாரம் உண்டு." கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அவன் மறுநாள் காலம்பற தன் பேரை அடிச்சுப் பார்ப்பான். அதை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு."

விழாவுக்கு நானும் போனேன். ஆதாரம் சார் கடைசி வரிசையில், அந்த வேக்காட்டிலும் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். குத்துவிளக்கு ஏற்றியதும் நிருபர் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாமி மாலையோடு மைக்குக்குப் போனாள். பிரமுகர் அவள் முகத்தையே பார்த்தார். டெலிவிஷனில் யாரையும் பேசவிடாத மனிதர் இங்கேயும் விடவில்லை. மாமி வாய் திறப்பதற்குள் அவரே மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மாலையைப் போடாதேங்கோ," என்றார். "என்னைப் பத்தி இன்டர்நெட்ல தினம் யாராவது அசிங்கமா எழுதறா. தினம் காலம்பற பயந்துண்டே பார்க்கறேன். நான் பார்க்கறதுக்குள்ளே யாரோ ஒருத்தர் அதைத் துடைச்சு வச்சிருக்கார். என் பேர்ல ஒரு பொய் தங்க அவர் விடலை. ஆனா ஒரு பொய்யை நானே இத்தனை வருஷமா தங்க விட்டிருக்கேன். அன்னிக்கு நான் முட்டளவு வெள்ளத்துல நின்னேன், அவ்வளவுதான். இந்த அம்மாவை இழுத்துண்டு வந்தவன் அக்கரைக்கு நீந்திப் போயிட்டான். அவன் யாருன்னு தெரியாது. இந்தத் துடைக்கறவர் யாருன்னும் தெரியாது. தெரிஞ்சா ரெண்டு பேர் கால்லயும் விழணும்."

 மாமி கடைசி வரிசையைப் பார்த்தாள். ஆதாரம் சார் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, மின்விசிறியை ஆராய்ந்தார். மாமி அழுதுகொண்டே அந்த மாலையைப் பிரமுகர் கழுத்தில் போட்டாள்.

மறுநாள் பத்திரிகை வந்தது. நிருபர்தான் பாதியில் போய்விட்டாரே, விழாக் குழு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததை அப்படியே அடித்திருந்தார்கள். ஆற்றில் குதித்துப் பெண்ணைக் காப்பாற்றிய பிரமுகருக்குப் பாராட்டு. பொய்க்குப் புதிதாக இன்னொரு ஆதாரம்!

நான் பேப்பரோடு ஓடினேன். விழாவில் கேட்டவர் யாரோ அதற்குள் இணையத்தில் உண்மையை எழுதிவிட்டிருந்தார். ஆதாரம் சார் அதை நீக்குவதற்காக உட்கார்ந்திருந்தார்.

"ஓய்! மண்டபம் நிறைய ஜனம் கேட்டோமே! அவரே வாயால சொன்னாரே!"

"எல்லாரும் கேட்டேள். ஒருத்தரும் அச்சடிக்கலை. ஆதாரம் இல்லாததை எடுக்கலாம், அது யாரு பேர்ல இருந்தாலும்."

"இவரைத் திருத்த முடியாது, விடுங்கோ," என்றாள் மாமி. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள். உப்புமா இல்லை, அடை வார்த்திருந்தாள். "அவர் வாயால சொல்லிட்டார். என் காதுல விழுந்துது. எனக்குப் போரும்."

"எனக்குப் போராது. நான் பத்திரிகையில எழுதறேன். அச்சுல வந்தா ஆதாரம்தானே?"

"நீர் தமாஷ் எழுதறவர். அதுவும் என் சிநேகிதர். உம்ம பேச்சை எவன் எடுத்துப்பான்?" என்று சொல்லிக்கொண்டே அந்த வரியை நீக்கினார். வலது கை மவுஸில் இருந்தது. இடது கையில் சட்டை மடிந்திருந்தது. வலது கை நீக்கி முடிக்கும்வரை, இடது கையின் தழும்பைத் தாடையோடு வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார், தேய்க்கிறோம் என்று தெரியாமலே.

அதை நான் என் கண்ணால் பார்த்தேன். இது அச்சில் வந்ததும் போன் அடிக்கும், "நீர் பார்த்தீர்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார். கேட்கட்டும். அவர் கேட்காத நாள் ஒன்று எனக்கு வரவே வேண்டாம்.