முந்நூறு புத்தகத்தில் மூடி வைத்த எண்

அன்று பதுளையில், போன் பேசவும் பேக்ஸ் அனுப்பவும் ஆட்கள் வரும் என் கொமினிகேஷன் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி செல்வராணி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன் முருகையா (லீவு போட்டு வந்திருந்தார், எனக்கு உதவ அல்ல, என்ன கூத்து நடக்கிறதென்று பார்க்க). கொழும்பிலிருந்து வேனில் வந்த ஜெகன் என்ற யாழ்ப்பாணத்துத் தம்பி. அவருடைய டிரைவர் சுமணபால. ஆறாவதாக ஒருவரும் இல்லை என்று நான் ஆறுதல்பட்டேன். ஆனால் பொழுது சாய்வதற்குள் பஸ் நிலையம் வரைக்கும் கதை போய்விட்டது. அந்த ஐவரில் யார் சொன்னது என்பதை இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதால், அச்சடித்த காகிதம் எது வந்தாலும் அது என்னை மாட்டிவிடத்தான் வருகிறது என்று நம்புகிறவன். இப்படிப்பட்டவன் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் சொல்லப்படும் பேய்க் கதைகளைச் சேர்த்து ஒரு புத்தகம் எழுதினான் என்றால் சிரிக்காதீர்கள். பயத்தைப் பற்றி எழுத ஊவா மாகாணத்தில் என்னைவிடத் தகுதியானவர் இல்லை.

புத்தகத்தைப் போட எந்தப் பதிப்பகமும் முன்வராததால் பண்டாரவளையில் ஓர் அச்சகத்தில் நானே முந்நூறு பிரதி அடித்தேன். அதற்காகச் செல்வராணி தன் தையல் மெஷினை விற்றாள். "இன்டர்நெட்டுல வித்த உடனே புது மெஷினே வாங்கித் தரேன்" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். வீம்புக்குச் சொன்னதல்ல. கனடாவில் இணையத்தில் தமிழ்ப் புத்தகம் விற்கும் கடை ஒன்று என் புத்தகம் முழுவதையும் எடுத்துக்கொள்வதாக ஈமெயில் அனுப்பியிருந்தது. புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும், பின் அட்டையில் ஐ.எஸ்.பி.என். எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். அவர்களுடைய கொழும்பு ஆள் ஒரேயொரு தடவை மலையகம் வந்து ஏற்றிப் போவார்.

எண் வாங்குவது சுலபமாகத்தான் இருந்தது. கொழும்புக்கு ஒரு விண்ணப்பம், தலைப்புப் பக்கத்தின் போட்டோ கொப்பி, என் கடையிலிருந்தே பேக்ஸ். கொஞ்ச நாளில் பதின்மூன்று இலக்கத்தில் எண் வந்தது. அச்சகத்தில் அதைக் கோடு கோடாகப் பின் அட்டையிலும், சும்மா எண்ணாக உள்பக்கத்திலும் அடித்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். எண்ணோடு வந்த கடிதத்தை நான் இரண்டாந்தரம் வாசித்திருக்கக் கூடாது. 'இவ்வெண் இந்த நூலுக்கு மட்டுமே உரியது' என்று அதில் ஒரு வரி இருந்தது.

கடிதத்தை மடித்துக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

நான் நாள் முழுக்க விற்பது போனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் காட். வெள்ளிப் பூச்சைச் சுரண்டினால் உள்ளே எண் இருக்கும். அந்த எண்ணை யார் முதலில் போனில் அழுத்துகிறார்களோ காசு அவர்களுக்குத்தான். ஒருமுறை நான் ஒரு கிழவருக்காகச் சுரண்டிக்கொண்டிருக்க, பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்து எண்ணைத் தன் போனில் போட்டுக்கொண்டு போய்விட்டான். என் கைக்காசில் இன்னொரு காட் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எனக்கு ஒரே பாடம்: எண் வெளியே தெரிந்தால் காசு போச்சு. இங்கே என்னடாவென்றால் பதின்மூன்று இலக்கத்தை முந்நூறு அட்டையிலும் ஊருக்கே தெரிய அடித்து வைத்திருக்கிறார்கள்! (படித்தவர்கள் இவ்வளவு கவனமில்லாமல் இருப்பார்களா என்று எரிச்சல் வேறு.)

கரண்ட் வயருக்குச் சுற்றும் கறுப்பு டேப் வாங்கி, பின் அட்டை ஒவ்வொன்றிலும் எண்ணின் மேல் ஒட்டினேன். உள்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் அடித்தேன். செல்வராணி பார்த்துக்கொண்டே போனாள். "ஏங்க, வேணாங்க" என்று மட்டும் சொன்னாள். உனக்கு என்ன தெரியும் என்றேன்.

கனடாக் கடையின் கொழும்பு ஆள் ஜெகன் வந்தார். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டுமென்று சொல்லிக்கொண்டே ஒரு புத்தகத்தைத் திருப்பினார்.

"அண்ணை, நம்பர் எங்கை?"

"பத்திரமா இருக்குங்க. மூடி வச்சிருக்கேன்."

"ஏன் மூடினனீங்கள்?"

"யாராச்சும் பாத்துட்டா?"

அவர் புத்தகத்தைக் கீழே வைத்தார். "பாக்கத்தானே அண்ணை போடுறது" என்றார்.

பிறகு, அந்த எண்ணில் காசு கிடையாது, அது புத்தகத்தின் பெயர் மாதிரி, உலகத்தில் எந்தக் கடையும் அதை வைத்துத்தான் புத்தகத்தைக் கண்டுபிடிக்கும் என்று பொறுமையாக விளக்கினார். தன் புத்தகத்தையே ஒருவரும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்து வைத்த எழுத்தாளன் வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

சில புத்தகத்தில் டேப்பைப் பிய்த்தோம். அட்டையும் சேர்ந்து வந்தது. சுமணபாலவுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. பையிலிருந்து ஒரு குத்திக் காசை எடுத்து மெதுவாகச் சுரண்டத் தொடங்கினார். "நல்லா சுரண்டச் சொல்லுங்க மாப்ள, எத்தன ரூவா ரீலோட் வருதுன்னு பாப்போம்" என்றார் முருகையா. பிறகு, மண்ணெண்ணெய் போட்டால் பசை விடும் என்று அவரே யோசனையும் சொன்னார். பசை விட்டது. கூடவே எண்ணும் விட்டது. மண்ணெண்ணெய் மணக்கும் புத்தகத்தை எந்தப் பிளேனிலும் ஏற்ற மாட்டார்கள் என்று ஜெகன் மூக்கைப் பொத்தினார். புதிதாக ஸ்டிக்கர் அடித்து மேலே ஒட்டலாமே என்று கெஞ்சினேன். கிழிந்த அட்டையையும் டேப் ஒட்டிய அட்டையையும் கடை திருப்பி அனுப்பிவிடும் என்றார்.

செல்வராணி வீட்டுக்குப் போய், சேலைப் பெட்டிக்குள்ளிருந்து ஏழு புத்தகம் கொண்டு வந்தாள். டேப் இல்லை, மார்க்கர் இல்லை. கொஸ்லந்தைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கவென்று, நான் டேப் ஒட்டும் முன்பே எடுத்து ஒளித்து வைத்தவை.

என் வாயில் முதலில் நன்றியா வந்தது? "அப்ப, ஏழு புஸ்தகத்துல நம்பர் தெரியுற மாதிரியா வச்சிருந்த?" என்று அவள் மேல் பாய்ந்தேன். முருகையாகூடச் சிரிக்கவில்லை.

வேன் ஏழு புத்தகத்தோடு போனது. மிச்சம், தையல் மெஷின் இருந்த இடத்தில் கூரை முட்ட நின்றது.

செல்வராணி என்னோடு பேசாமலே, அடுத்து வந்த கோயில் திருவிழாவில் ஒரு மேசை போட்டு, டேப் ஒட்டியதும் கிழிந்ததுமாக எல்லாவற்றையும் அடுக்கினாள். மூட்டை தூக்க நான். வருகிறவர்கள் எல்லாரும் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, கறுப்பு டேப்புக்கு அடியில் என்ன என்று கேட்டார்கள்.

"பேய்க் கத புஸ்தகங்க இது. அந்த டேப்ப மட்டும் பிரிச்சிராதீங்க. பிரிச்சவங்க யாரும் நல்லா இல்ல" என்றாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "எங்க வீட்டுக்காரரையே பாருங்களேன்."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். உடனே வாங்கினார்கள். கிழிந்ததைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்றாள். திருவிழா முடிவதற்குள் ஒரு பிரதியும் மிச்சமில்லை. மெஷினை அவளே போய் வாங்கி வந்தாள். நான் கொடுத்த வாக்கு அப்படியே புத்தம் புதிதாக என்னிடமே இருக்கிறது.

இப்போதும் என்னிடம் யாராவது போன் நம்பர் கேட்டால், "அப்பாகிட்ட கேக்காதீங்க, அவரு டேப் ஒட்டியிருப்பாரு" என்று எங்கள் பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள்.

கனடாவுக்குப் போன ஏழும் விற்றுப்போயின. ஒன்றுக்கு ஆறு டொலர் எனக்கு. ஆனால் கணக்கில் ஐம்பது டொலர் சேர்ந்தால்தான் அந்தக் கடை பணம் அனுப்புமாம். இன்னும் இரண்டு புத்தகம் அனுப்பினால் போதும். அனுப்பப் புத்தகம் இல்லை. மறுபடி அடிக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். செல்வராணி மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதோடு விட்டுவிட்டேன். வருஷா வருஷம் அந்தக் கடையிலிருந்து மறக்காமல் ஓர் ஈமெயில் வருகிறது. எனக்குத் தர வேண்டிய பாக்கி, நாற்பத்திரண்டு டொலர்.