படத்தில் விழுந்த பெரியவர்

"பின்னால நிக்கிறவரைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்களேன்," என்றார் போட்டோகிராபர்.

"பின்னால யாரும் இல்லையே," என்றான் மூத்த மகன், வாய் நிறைய ரொட்டியோடு.

போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். வருஷா வருஷம் எடுக்கும் குடும்பப் படத்துக்காக ஏரிக்கரைப் புல்லில் விரிப்பைப் போட்டு, ஒரு தாயும் மகன்களும் மருமகள்களும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு ஈ காக்கை இல்லை. எடுத்த படத்தில் மட்டும் கோடு போட்ட சட்டையில் ஒரு பெரியவர்.

யாரோ வழியில் போனவர் என்று அதை அழித்தார். போன மாதக் கல்யாணத்தில் மாப்பிள்ளையைத் தலையில்லாமல் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். இதிலும் சொதப்பினால் தொழிலையே ஏறக்கட்ட வேண்டியதுதான்.

"நெருங்கி உக்காருங்க. நடுவுல இடமே இருக்கக் கூடாது."

நெருங்கினார்கள். படத்தில் பெரியவர் தாயின் தோளில் கை போட்டிருந்தார்.

"வெளிச்சம் சரியில்ல. மரத்தடிக்குப் போயிடலாம்."

பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்கள். இப்போது படத்தில் பெரியவர் எல்லோருக்கும் முன்னால் சம்மணமிட்டு, நேராகக் கேமராவையே பார்த்தார். போட்டோகிராபர் பயந்து இரண்டடி பின்வாங்கினார்.

"ஆளுங்க அப்புறம். முதல்ல சாப்பாட்டை எடுக்கிறேன்."

படத்தில் பழத்தட்டை நோக்கி ஒரு சுருங்கிய கை நீண்டிருந்தது. போட்டோகிராபர் பழத்தட்டையே முறைத்துக்கொண்டு நின்றதைச் சின்ன மருமகள் கவனித்துவிட்டாள்.

"பசிக்குதாண்ணா? வாயைத் திறந்து கேட்டா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். மானம் போனதில் அவருக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. எடுத்ததையெல்லாம் அழித்தார். படம் பார்ப்பதுபோல் குனிந்து, வெற்றுப் புல்லிடம் பல்லைக் கடித்தார்.

"பெரியவரே, கூப்பிடாத இடத்துல வந்து பந்தியில உக்காரலாமா? இது அடுத்தவங்க குடும்பம். எழுந்து போங்க."

காற்று நின்றது. புல் மட்டும், யாரோ மெல்ல நடப்பதுபோல், ஏரிவரை மடிந்துகொண்டே போனது.

அடுத்த படம் பளிச்சென்று விழுந்தது. குடும்பம் மட்டும்! போன உயிர் திரும்பி வந்தது. பெருமையோடு கேமராவை நீட்டினார்.

அது கை மாற மாறச் சிரிப்பு அடங்கியது. தாய் நெடுநேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சின்ன மருமகள்தான் கேட்டாள். "செத்ததுக்கப்புறமும் எங்க மாமனார் ஒரு வருஷம்கூடப் படத்துல வராம இருந்ததில்லையே... அவர்கிட்ட என்னண்ணா சொன்னீங்க?"