வாசல் விளக்கு போடாதவர்

"இந்த வருஷம் நம்ம வீட்டு வாசல்ல விளக்கு எரியாது. பூசணிக்காய் கிடையாது. மிட்டாய் கிடையாது. பேய், பிசாசு, எலும்புக்கூடு ஒண்ணும் கிடையாது. ஹாலோவீனே கிடையாது. இதுதான் முடிவு!"

வெர்னன் காலைச் சாப்பாட்டு மேஜையை ஓங்கித் தட்டி அறிவித்தார். தட்டின தட்டில் முட்டைப் பொரியல் ஒரு தடவை எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

அவர் மனைவி நோரீன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "சரி" என்றாள்.

வெர்னனுக்குப் பகீரென்றது. நோரீன் எதற்கும் முதல் தடவையிலேயே சரி சொன்னவள் இல்லை. அவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளவே மூன்றாம் தடவைதான் சரி சொன்னாள்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான்."

"நான் ஹாலோவீனைப் பத்திப் பேசறேன்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீங்க துக்கத்துல இருக்கீங்க. விளக்கு போட வேண்டாம். அவ்வளவுதானே? ஜாம் வேணுமா?"

ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு தயார் செய்து வைத்திருந்த வாதங்கள் வெர்னனுக்கு உதவாமலே போய்விட்டன. எதிராளி வராத பந்தயத்தில் ஜெயித்தவர் போல அவர் அசடு வழிய உட்கார்ந்திருந்தார். ஜாம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

பெல்டன் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அக்டோபர் கடைசியில் வருகிற பேய்த் திருவிழாவான ஹாலோவீன் சாயங்காலம் அங்கே தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதும். ஊதியதுதான் தாமதம், பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய் வேட்டைக்குக் கிளம்பிவிடும். வாசல் விளக்கு எரிகிற வீட்டில் மட்டும்தான் கதவைத் தட்டலாம். இருட்டாக இருக்கிற வீட்டை ஏறெடுத்தும் பார்க்கக்கூடாது. மறுபடி சங்கு ஊதினால் ஆட்டம் முடிந்தது.

வெர்னன் இந்த ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டு கிளைட் அவருடைய உயிர்ச் சிநேகிதர். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஆனால் வருஷத்தில் அந்த ஒருநாள் மட்டும் இரண்டு பேருக்கும் வயது பத்தைத் தாண்டாது. யார் வீட்டு வாசலில் பிள்ளைகள் அதிகமாக அலறுகிறார்கள் என்று போட்டி. வெர்னன் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, படுக்கை விரிப்புகளைப் பேயாக ஓட்டுவார். கிளைட் பலகையில் தானே ஒரு சவப்பெட்டி அடித்து, புல்வெளியில் அதற்குள் படுத்துக்கொள்வார். பிள்ளைகள் கிட்டே வந்ததும் மெதுவாக எழுந்து உட்காருவார். அப்புறம் கேட்கவா வேண்டும்! ஒவ்வொரு வருஷமும் கிளைட்டுக்குத்தான் வெற்றி.

போன மார்ச்சில் கிளைட்டுக்கு மாரடைப்பு வந்தது. தேவாலயத்தில் அவரை நிஜமான சவப்பெட்டியில் படுக்க வைத்திருந்தார்கள். எல்லாரும் பூ வைத்துவிட்டுப் போன பிறகும் வெர்னன் பக்கத்திலேயே நின்றார். இதோ எழுந்துவிடுவான், இதோ எழுந்துவிடுவான் என்று ஒரு நப்பாசை. அந்தத் தடவை கிளைட் எழுந்திருக்கவில்லை.

அதோடு வெர்னன் முகம் மழிப்பதை விட்டார். கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார். மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் புல்வெளியையே பார்த்துக்கொண்டிருப்பார். கிளைட்டின் மனைவி பெர்னிஸை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன பேசுவது என்று பயம். கிளைட் இல்லாத உலகத்தில் ஒரு தடவை சிரித்தாலும் அது அவனுக்குச் செய்கிற துரோகம் என்று மனசுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். நோரீன் கெஞ்சிப் பார்த்தாள். கத்திப் பார்த்தாள். பாதிரியாரை வரவழைத்துப் பார்த்தாள். கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டாள். மனைவி ஓய்ந்துவிட்டாள் என்று வெர்னன் நினைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்த மனுஷனுக்கு விவரம் போதாது.

மத்தியானம் தூறல் போட்டது. மேப்பிள் மரங்கள் மிச்சமிருந்த இலைகளையும் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. நோரீன் ஜன்னலோரம் வந்தாள்.

"சாயங்காலம் நான் பெர்னிஸ் வீட்டுக்குப் போறேன். அவ விளக்கு போடறாளாம்."

"என்னது! அவளா? அவளே போடறாளா?"

"இருட்டுல தனியா உக்காந்தா அழுதுடுவேன்னு சொல்றா. வந்து கதவைத் தட்டற குழந்தைங்க மூஞ்சியையாவது பாத்துட்டு இருக்கேன்னா. நீங்க பாட்டுக்கு இங்கயே இருங்க." போகத் திரும்பியவள் வாசல்படியில் நின்றாள். "ஒண்ணுதான் கவலை. விளக்கு போடாத வீட்டுல தடிப்பசங்க முட்டை அடிச்சுட்டுப் போவாங்க. போன வருஷம் மூலை வீட்டுச் சுவரைப் பாத்தீங்கல்ல?"

"என் வீட்டுலயா? அந்தப் பசங்களோட அப்பனுங்க எல்லாம் என் பஸ்ல வந்தவனுங்க. நான் ஒரு அதட்டல் போட்டா போதும்."

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப இந்தக் குளிர்ல வாசல்ல உக்கார உங்களால முடியாது. இடுப்பு பிடிச்சுக்கும். விடுங்க, அடிச்சா அடிச்சுட்டுப் போறாங்க. நாளைக்கு நான் ஏணி போட்டுக் கழுவிக்கறேன்."

"யாருக்கு முடியாது?" என்று வெர்னன் எழுந்தார்.

தூண்டிலில் மீன் மாட்டிவிட்டது. நோரீன் மறுபேச்சு பேசாமல் வாசலில் நாற்காலி போட்டாள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு கறுப்புக் கோட்டையும் ஒரு தொப்பியையும் கொண்டுவந்தாள்.

"இது கிளைட்டோடதுல்ல?"

"ஆமா. பெர்னிஸ் குடுத்தா. துக்கத்துக்குக் கறுப்பு பொருத்தம்தானே?"

கோட்டில் கிளைட் பிடிக்கிற புகையிலை வாசனை இன்னும் போகவில்லை. வெர்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையை நுழைத்தார். நோரீன் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டாள். பிறகு ஒரு பிடி வைக்கோலை எடுத்துக் கோட்டின் கைக்குள்ளும் காலருக்குள்ளும் திணித்தாள்.

"ஏய், இது எதுக்கு?"

"கதகதப்பா இருக்கும். மீன் பிடிக்கப் போறப்ப கிளைட் இப்படித்தான் வச்சுக்குவாராம்."

கிளைட் செய்தார் என்றால் அதற்கு மேல் அப்பீல் ஏது! வெர்னன் அடங்கி உட்கார்ந்தார். உடனே அவர் மடியில் ஒரு பெரிய கிண்ணம் வந்து இறங்கியது. உள்ளே நிறைய சாக்லேட்.

"விளக்கு போடாத வீட்டுக்கு சாக்லேட் எதுக்கு?"

"தெரியாத்தனமா ஒண்ணு ரெண்டு குழந்தைங்க வந்துட்டா? கிண்ணம் மடியில இருந்தா அதுங்களே எடுத்துக்கிட்டுப் போயிடும். நீங்க எழுந்திருக்கவும் வேண்டாம், வாயைத் திறக்கவும் வேண்டாம். உங்க துக்கம் ஒரு துளி கலையாது."

வாயைத் திறக்க வேண்டாம் என்பது வெர்னனுக்குப் பிடித்திருந்தது. நோரீன் குடையை விரித்துக்கொண்டு பெர்னிஸ் வீட்டுக்குப் போனாள். சங்கு ஊதியது. தெரு முழுக்க விளக்குகள் எரிய, தன் வீடு மட்டும் இருட்டில் கிடப்பதைப் பார்த்து வெர்னனுக்கு ஒரு கசப்பான திருப்தி.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு சூனியக்காரி. ஒரு தேனீ. இரண்டும் பத்து வயதுக்குள்.

"இதுதான் அது" என்றாள் சூனியக்காரி.

"நிஜமாவே பொம்மைதானா?"

"கையைப் பாரு. வைக்கோல் தெரியுது."

நான் மனுஷன் என்று சொல்ல வெர்னனுக்கு நாக்கு துடித்தது. சொன்னால் அவர்கள் ஹாலோவீன் வாழ்த்துச் சொல்வார்கள். இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். துக்கம் போச்சு. அதனால் ஆடாமல் அசையாமல் இருந்தார்.

"மூக்கு நல்லா செஞ்சிருக்காங்க."

"தாடிதான் சரியா ஒட்டலை. நைஞ்சு போன கம்பளி மாதிரி இருக்கு."

தேனீ ஒரு விரலை நீட்டி மூக்கைத் தொட்டுப் பார்த்தது. விரல் ஐஸ் மாதிரி இருந்தது. வெர்னன் எவ்வளவோ அடக்கினார். முடியவில்லை. ஊரே அதிர ஒரு தும்மல் போட்டார்.

பிள்ளைகள் போட்ட அலறல் தேவாலயம் வரைக்கும் கேட்டிருக்கும். படியில் ஒரு துடைப்பம் கிடந்தது, சூனியக்காரியைக் காணோம்.

அலறல்களைத் தரம் பிரிப்பதில் வெர்னனுக்கு நெடுநாள் அனுபவம். இது முதல் தரம். உதட்டோரம் என்னமோ இழுத்தது. அதை அவசரமாகப் பிடித்து உள்ளே தள்ளினார். துக்கத்தில் இருக்கிறோம் என்று தனக்குத்தானே ஞாபகப்படுத்திக்கொண்டார்.

ஆனால் அடுத்த கூட்டம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. இருட்டு வீட்டுக்கு ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. ஒருவருக்கு ஒற்றைக் கண்ணைத் திறந்து காட்டினார். இன்னொருவர் கிண்ணத்தில் கை விட்டதும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். முட்டை அடிக்க வந்த தடிப்பசங்க நாலு பேர், முட்டைகளைப் படியிலேயே போட்டுவிட்டு வேலி தாண்டி ஓடினார்கள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற எண்பது வயது அம்மாள்கூடக் கூரான தொப்பி மாட்டிக்கொண்டு வந்து, கைத்தடியால் அவர் வயிற்றைக் குத்திப் பார்த்தாள். அவர் உறுமினார். அவள் கைத்தடி இல்லாமலே கேட் வரைக்கும் ஓடினாள்.

அப்புறம் டக் வந்தான். ஆறடி உயரம், பக்கத்தில் மனைவி, இடுப்பில் பூசணிக்காய் வேஷத்தில் ஒரு கைக்குழந்தை. சின்ன வயதில் அவன் தினமும் பஸ்ஸில் வெர்னனுக்குப் பின் சீட்டில்தான் உட்காருவான்.

"இங்க பாரேன், நம்ம பஸ் வெர்னன் மாதிரியே பண்ணியிருக்காங்க" என்றான்.

"அவரு இவ்வளவு ஒல்லியா இருக்க மாட்டாரே" என்றாள் மனைவி.

"ஆமா. மூஞ்சியும் சரியா வரலை. வெர்னனுக்கு எப்பவும் சிரிச்ச முகம். மழை கொட்டினாலும் சரி, பனி பெஞ்சாலும் சரி, கதவைத் திறக்கறப்ப சிரிச்சுக்கிட்டேதான் திறப்பாரு. இது என்னவோ பொணம் மாதிரி இருக்கு. பாவம், அவரு பாத்தா வருத்தப்படுவாரு."

வெர்னனுக்கு உறுமத் தோன்றவில்லை. கண்ணீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது. இருட்டில் யாரும் பார்க்கவில்லை. குழந்தை மட்டும் குனிந்து தாடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

"ஹாலோவீன் வாழ்த்துகள், டக்" என்றார் வெர்னன் தழுதழுத்த குரலில்.

ஆறடி டக் குழந்தையோடு ஒரே தாவாகத் தாவி மனைவிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். "ஐயோ! பொம்மை பேசுது! என் பேரைச் சொல்லுது!" என்று அவன் போட்ட கூச்சலுக்கு முன்னால் அந்தத் தேனீ எல்லாம் ஒன்றுமே இல்லை. குழந்தை கை தட்டியது.

அவர்கள் கேட்டைத் தாண்டியதும் வெர்னன் சிரித்தார். அடக்க அடக்க இன்னும் பீறிட்டது. வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தார். சிரித்து முடித்ததும், இதைச் சொல்ல கிளைட் இல்லையே என்று விக்கி விக்கி அழுதார். மார்ச்சிலிருந்து அவர் சிரிக்கவும் இல்லை, இப்படி அழவும் இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததில் உடம்பு லேசாகிவிட்டது.

மறுபடி சங்கு ஊதியது. நோரீனும் பெர்னிஸும் ஒரே குடைக்குள் வந்தார்கள். வெர்னன் மூக்கைச் சிந்திவிட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார்.

"யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள் நோரீன்.

"ஒரு ஈ, காக்கா வரலை."

"கிண்ணம் காலியா இருக்கு?"

"நான்தான் சாப்பிட்டேன். துக்கத்துல பசிக்கும்."

பெர்னிஸால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வெர்னன், எங்க வீட்டுக்கு வந்த ஒருத்தர் பாக்கி இல்லாம நோரீன் இங்க அனுப்பி வச்சா. பக்கத்து இருட்டு வீட்டுல ஒரு வைக்கோல் பொம்மை உக்காந்திருக்கு, அது மடியிலேர்ந்து கத்தாம சாக்லேட் எடுக்கறவங்கதான் ஊர்லயே பெரிய தைரியசாலின்னு சொன்னா. ஒவ்வொரு கத்தல் கேக்கறப்பவும் நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். கிளைட் போனப்புறம் நான் சிரிச்சது இன்னிக்குத்தான்."

வெர்னன் கையில் இருந்த வைக்கோலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். நோரீனைப் பார்த்தார். காலையில் கேட்ட அந்த ஒற்றைச் "சரி"க்கு இப்போதுதான் அவருக்கு முழு அர்த்தம் விளங்கியது.

"எப்படியோ, நான் விளக்கு போடலை. என் முடிவு முடிவுதான்" என்றார்.

"நானா போடச் சொன்னேன்? போட்டிருந்தா எல்லாம் வெட்டவெளிச்சமாயிருக்கும்."

அப்போதும் வெர்னனுக்கு விட மனசில்லை. காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "அதையெல்லாம் விடு. ஒருத்தருக்காவது சந்தேகம் வந்துச்சா? ஆடாம அசையாம, ஜடம் மாதிரி உக்காந்தேன் பாரு! இப்படி ஒரு நடிப்பை கிளைட்டாலகூட நடிக்க முடியாது."

நோரீன் அவர் தாடியிலிருந்து ஒரு வைக்கோலை மெதுவாக எடுத்துப் போட்டாள்.

"நடிப்பா? மார்ச் மாசத்துலேர்ந்து தினமும் இதைத்தானேங்க ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தீங்க!"