முதல் சுற்றிலேயே நின்ற லூப்

இந்தத் தடவை என் மனைவி வினார்த்தியை ஜெயித்தே தீருவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவெடுத்தேன். கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் இப்படி நாற்பது முடிவாவது எடுத்திருப்பேன். ஆனால் இந்த முறை கம்ப்யூட்டர் என் கட்சியில் இருந்தது.

எங்கள் மகள் கினாந்திக்கு செமாராங்கில் குழந்தை பிறந்திருந்தது. முப்பத்தைந்தாம் நாள் சடங்கு முடியும்வரை வினார்த்தி அங்கேதான். என்னையும்தான் கூப்பிட்டாள். மருமகன் வீட்டில் மாமனார் மாதக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடுவது மரியாதை இல்லை என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டேன். உண்மைக் காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சாலத்திகாவில் முப்பத்தைந்து நாள் தனிக்காட்டு ராஜாவாக, சர்க்கரை போட்ட தேநீரும் எங்கள் ஊர்க் கடலை மிட்டாயும் சாப்பிடலாம்.

எனக்கு அவை இரண்டும் ஆகாது. மூன்று மாதம் முன்பு சர்க்கரை ஏறி, சந்தையில் மயங்கி விழுந்து, கீரைக்காரம்மாவின் கூடைக்குள் கண் விழித்தவன் நான். ஊரே சிரித்தது. வினார்த்தி மட்டும் சிரிக்கவில்லை. இன்றுவரை சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் மனைவி கணவனை 'மாஸ்' என்று கூப்பிடுவாள், கணவன் மனைவியை 'டிக்' என்பான். அதனால் கிளம்பும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "தினம் அஞ்சு தடவை மெசேஜ்ல கேப்பேன், மாஸ். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, நடந்தீங்களா. ஒழுங்கா உண்மையைச் சொல்லணும்."

மூன்று நாள் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். உண்மை சொல்ல வேண்டுமானால் நிஜமாகவே நடக்க வேண்டியிருந்தது. நான்காம் நாள்தான் நூலகத்தில் கற்ற கல்வி கை கொடுத்தது.

எங்கள் ஊர் நூலகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஆரம்பநிலை கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. நானும் சேர்ந்தேன். வினார்த்தியும் கூட வந்து பின்வரிசையில் நூல் பின்னிக்கொண்டிருப்பாள். இடைவேளையில் தரும் வாழைப்பழ பஜ்ஜிக்காக வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எண்டாங் டீச்சர் லூப் பாடத்தை அழகாக விளக்கினார். "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கார். வீட்டுக்காரி 'இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, இன்னும் கொஞ்சம்'னு சொல்லிட்டே இருக்கா. அது லூப்பு. விருந்தாளி ஸ்பூனையும் முள்கரண்டியையும் போதும்னு தட்டுல கவுத்து வெச்சா, அப்ப பிரேக். உடனே வெளிய வந்துடணும், சட்டியில எவ்வளவு மீதி இருந்தாலும் சரி."

எழுதிப் பார்க்கச் சொன்னார். என் விருந்தாளி ஒரே கரண்டி சோற்றோடு பட்டினியாக வீடு போய்ச் சேர்ந்தார். ஏன் என்று நான் திரையை முறைத்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து வினார்த்தி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள், 'ஸ்பூனைக் கவிழ்த்தால்' என்ற நிபந்தனைக்கு வெளியே நான் பிரேக்கைப் போட்டுவிட்டேன் என்று. குருட்டாம்போக்கில் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வகுப்பில் செய்தி வாங்கி அனுப்பும் பகுதியை டீச்சரே தயாராகக் கொடுத்துவிட்டார். லூப்பை மட்டும் நாம் எழுத வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே அதை எழுதிவிட்டுத் திரும்பப் படுத்தேன். வினார்த்தியிடமிருந்து செய்தி வந்ததும், "சாப்பிட்டேன், மாத்திரை போட்டாச்சு, நடந்துட்டு இப்பத்தான் வந்தேன்" என்று பதில் தானாகப் போகும். இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். அவள் "கிளம்பிட்டேன்" என்று எழுதினால் மட்டும் பிரேக். கம்ப்யூட்டர் அலறும், நான் மிட்டாயை ஒளித்துவிடுவேன். இந்த முறை பிரேக்கை நிபந்தனைக்கு உள்ளேதான் போட்டேன், இரண்டு தடவை சரிபார்த்தேன்.

காலை ஆறு மணிக்கு அவள் கேள்வி வந்தது. பதில் பறந்தது. நான் அப்போது போர்வைக்குள் இருந்துகொண்டே நடந்துவிட்டு வந்திருந்தேன். போனைச் சத்தமில்லாமல் ஆக்கி அலமாரியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். ஒன்பது மணிக் கேள்வி வரவேயில்லை. திருப்தியாகிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, பத்து மணிக்குத் தட்டு நிறைய மிட்டாயும் பெரிய கோப்பையில் தேநீருமாக வாசலில் உட்கார்ந்தேன்.

கேட் திறந்தது. வினார்த்தி நின்றாள். பேரக்குழந்தை பால் கக்கினால் துடைக்கிற துண்டு அவள் தோளிலேயே இருந்தது. நேராக வந்து என் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தட்டைப் பார்த்தாள்.

"கிளம்பிட்டேன்னு நீ எழுதவே இல்லையே, டிக்" என்றேன். வாயில் மிட்டாய்.

"போன் பண்ணினேன். ஏழு தடவை. எடுக்கல." தொப்பென்று உட்கார்ந்து என் தேநீரை எடுத்துக் குடித்தாள். பிறகு தன் போனை என் முன்னால் நீட்டினாள். அவளே எழுதிய பதினோரு வரி அதில் இருந்தது. சுத்தமான லூப்.

"கையில பச்சக் குழந்தைய வெச்சுக்கிட்டு அஞ்சு தடவை எப்படித் தட்டறது? மூணு நாளா உங்களக் கேட்டதெல்லாம் இதுதான்."

அவள் பிரேக் இருந்த வரியைப் படித்தேன். ஒரு நிமிஷத்துக்குள் பதில் வந்தால் நிறுத்து, மணி அடி என்று இருந்தது.

"சீக்கிரம் பதில் வந்தா நல்லதுதானே? எதுக்கு நிறுத்தணும்?"

"முப்பத்தோரு வருஷத்துல நான் கேட்டு ஒரு நிமிஷத்துக்குள்ள நீங்க எப்ப மாஸ் பதில் சொல்லியிருக்கீங்க? இன்னிக்கு ஒரே செகண்டுல வருது. ஒண்ணு, நீங்க எங்கயோ விழுந்து வேற யாரோ உங்க போன்ல பதில் போடறாங்க. இல்ல, பொய் சொல்றீங்க. எதுவா இருந்தாலும் நான் வந்துதானே ஆகணும்?"

செமாராங்கிலிருந்து இங்கே வர வேனில் ஒன்றரை மணி நேரம். அந்த நேரம் முழுவதும் இவள் என்னைச் சந்தையில் கிடந்த கோலத்தில்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் அந்த நேரம் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது. தப்புதான் என்றேன். தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

ஆனாலும் மனசு இருக்கிறதே, அது ஓரமாக ஒரு கணக்குப் போட்டது. பதிலை நாற்பது நிமிஷம் தாமதமாக அனுப்ப ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

"நீ நிம்மதியாத் திரும்பிப் போ, டிக். இனிமே என் கையாலயே பதில் போடறேன்" என்றேன் உருக்கமாக.

அவள் துண்டால் என் மீசையில் ஒட்டியிருந்த கடலையைத் துடைத்துவிட்டாள்.

"பதிலெல்லாம் வேணாம். திரும்பிப் போற வேன்ல ரெண்டு சீட்டு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். போய்ச் சட்டையெல்லாம் எடுத்து வைங்க."