முதல் மதிப்பெண்ணை மூடி ஒட்டிய அப்பா

அன்பும் மதிப்பும் மிக்க சித்தப்பாவுக்கு,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பொடிசு தூங்கும்போது மணி பன்னிரண்டரை. அவள் தூங்கினால்தான் என் இரண்டு கையும் எனக்குச் சொந்தம். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கத்தான் கை போகிறது. முதல் சொல் பொய்யாகிவிடும் என்பதால் மிச்சத்தை மட்டும் எழுதுகிறேன். நலமறிய ஆவல். சித்தியின் முழங்கால் வலி தேவலையா?

விஷயம் அப்பாவைப் பற்றியது. ராத்திரியில் நாலு தடவை, ஐந்து தடவை எழுந்து போகிறாரே என்று ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். அது இன்னொரு பரிசோதனையில் கொண்டுபோய் விட்டது, அது ஸ்கேனில் விட்டது, கடைசியில் ஊசி வைத்துச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். பதறாதீர்கள். ஆரம்ப நிலைதான், சுரப்பியைத் தாண்டவில்லை, மெதுவாக வளர்கிற ரகம் என்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து நான் ஏற்கெனவே பதறிவிட்டேன்.

முதல் டாக்டர் அறுவைக்காரர். நோயின் வேகத்துக்கு ஒரு மதிப்பெண் உண்டாம், அப்பாவுக்குப் பத்துக்கு ஏழு என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏழா? முதல் வகுப்பாச்சே" என்றார். "இதுல குறைய வாங்கினாத்தான் சார் நல்லது" என்றார் டாக்டர். நாற்பது வருஷம் பிள்ளைகளை ஃபெயிலாக்கிய மனுஷர், தனக்கு ஃபெயில் மார்க் வேண்டும் என்று ஆசைப்பட வேண்டியதாயிற்று. அப்புறம் பக்க விளைவுகளைச் சொல்லத் தொடங்கியதும் அப்பா என்னைப் பார்த்து, "அம்மாடி, குழந்தைக்குப் புழுக்கமா இருக்கும், வெளியில கொஞ்சம் காத்து காட்டேன்" என்றார். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தவர் சட்டைப்பையில், டாக்டர் சொன்னதை அவரே குறித்துக்கொண்ட ஒரு காகிதம். துவைக்கும்போது எடுத்துப் பார்த்தேன். 'சில மாதங்கள் சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம்' என்று ஒரு வரி. அடுத்த வரி, யாரும் படிக்க முடியாதபடி பேனாவால் அடித்து அடித்துக் காகிதமே கிழிந்திருந்தது. நான் படித்தவள் சித்தப்பா, கல்யாணமானவள். அடிக்காத வரியைவிட அடித்த வரிதான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

அப்பா ஒரு டாக்டரோடு நிற்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். உங்களுக்குத் தெரியாதா? நம்முடைய அந்தப் பழைய வீட்டில், டுட்டோரியல் மாதிரித் தேர்வு விடைத்தாள்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்குமே, முன்னறையில் அப்பா, பின்னறையில் நீங்கள், நடுக்கூடத்தில் தபால்காரியாக நான். அப்பா போட்ட மார்க்கின் மேல் வெள்ளைத் தாளை மடித்துக் குண்டூசி குத்திக் கொடுப்பார், நீங்கள் பார்க்காமல் உங்கள் மார்க்கைப் போட வேண்டும். வித்தியாசம் அதிகமானால் மூன்றாவது ஆள். கரும்பலகைச் சுண்ணாம்பும் சிவப்பு மையும் கலந்த அந்த வாசனை இப்போதும் பேனாவைத் திறந்தால் மூக்குக்கு வருகிறது. வீடே மூச்சு விடாமல் இருக்கும். அம்மா பாத்திரத்தைக்கூடத் துணியில் சுற்றி வைப்பாள். நீங்கள் மட்டும் கதவிடுக்கு வழியாக, "ஏய் வாலு, அண்ணன் எவ்வளவு போட்டிருக்கார்னு மட்டும் சொல்லு, கமர்கட்டு தர்றேன்" என்பீர்கள். சொல்வேன். "பத்து வருஷம் சேர்ந்து திருத்தினோம், எனக்கும் என் தம்பிக்கும் ரெண்டு மார்க்குக்கு மேல வித்தியாசம் வந்ததே இல்ல. ரத்தம் ஒண்ணு, கண்ணும் ஒண்ணு" என்று அப்பா இன்றைக்கும் வருகிற போகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் உள்ளே போய்விடுவேன்.

அதே முறையை டாக்டர்களிடமும் கொண்டுவந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் பசையும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு, ஃபைலில் இருந்த முதல் டாக்டரின் பெயர், அவர் சொன்ன சிகிச்சை, அந்த ஏழு, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டினார். உங்கள் மாப்பிள்ளை, "மாமா, டாக்டருக்கு எல்லாம் தெரிஞ்சாத்தானே..." என்று இழுத்தார். "தெரிஞ்சா காப்பி அடிப்பாரு" என்றார் அப்பா. இரண்டாவது டாக்டர் கதிர்வீச்சுக்காரர். ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குக் கீழ என்ன சார் இருக்கு?" என்றார். "அது உங்களுக்கு வேண்டாம். நீங்க உங்க மார்க்கைப் போடுங்க." டாக்டர் என்னைப் பார்த்தார், நான் விசிறியைப் பார்த்தேன், என் மடியில் இருந்த பொடிசு ஃபைலைப் பார்த்தாள். யாரும் தடுப்பதற்குள் ஒரு மூலையைப் பிடித்துச் சர்ரென்று உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் அவள் வாயில் விரல் விட்டுத் தாளை எடுத்துக்கொண்டிருக்க, டாக்டர், "அட, அவரா! என்கூடப் படிச்சவர்தான். ஆபரேஷன்னு சொல்லியிருப்பாரே? எனக்கென்னமோ கதிர்வீச்சே போதும்னு தோணுது" என்றார். அப்பா எழுந்துவிட்டார். "மன்னிக்கணும் டாக்டர். இந்தத் திருத்தம் செல்லாது." காரில் திரும்பும் வழியெல்லாம் பேத்தியிடம், "தேர்வு அறையில இப்படிச் செய்யலாமாடி கழுதை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் அவர் மூக்குக்கண்ணாடியைப் பறித்தாள்.

மூன்றாவது ஒரு பெண் டாக்டர். பொறுமைசாலி. ஒட்டிய தாளைத் தொடவே இல்லை, துணுக்கை மட்டும் வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித் திரும்பப் பார்க்கச் சொன்னார். ஆறு என்று வந்தது. இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொண்டு கண்காணிக்கலாம், ஏறினால் அப்போது யோசிப்போம் என்றார். ஒரே விடைத்தாள் சித்தப்பா. ஒருத்தர் அறுக்கணும் என்கிறார், ஒருத்தர் சுடணும் என்கிறார், ஒருத்தர் பார்த்துக்கொண்டே இரு என்கிறார். எதைச் செய்து எது தப்பாகப் போனாலும் மற்ற இரண்டில் ஒன்றைச் செய்திருக்கலாமே என்று ஆயுசுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அந்த டாக்டர்தான் கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று. "எங்க வம்சத்துலயே கிடையாது. தம்பிக்கு ஒரு தடவை குடலிறக்க ஆபரேஷன் ஆச்சு, அவ்வளவுதான்" என்றார் அப்பா. எனக்கு அங்கேயே சுருக்கென்றது. குடலிறக்கத்துக்கு யாராவது மூன்று மாதம் பஸ் ஏறாமல் இருப்பார்களா? என் கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலியை விட்டுவிட்டு, கைகழுவும் இடத்தைத் தாண்டிக் கழிப்பறைக்கு எதிரில் தனியாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்களே, சித்தப்பாவுக்கு யார் மேலோ கோபம் என்று அம்மா மூன்று நாள் புலம்பினாள். நேற்று சித்தியைக் கேட்டேன். சித்தி குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லாதே. எழுதிக் கேளு. போன்ல கேட்டா சிரிச்சே மழுப்பிடுவாரு" என்றாள்.

அதனால் கேட்கிறேன், உங்களுக்கும் இதே நோய்தானே வந்தது? பெண்பிள்ளை சித்தப்பாவிடம் கேட்கக் கூடாததுதான், கேட்காமல் எனக்கு வேறு வழி இல்லை. நீங்கள் எதைச் செய்துகொண்டீர்கள்? வலித்ததா? எத்தனை மாதத்தில் சரியாயிற்று? முழுக்கச் சரியாயிற்றா? திரும்ப யோசித்தால் அதையேதான் செய்வீர்களா? அந்த அடித்த வரியைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம், அப்பாவிடம் நீங்களே பேசுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். அவருக்கு உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒன்று.

சித்திக்கு என் அன்பு. உங்கள் ஆசி பொடிசுக்கும் எனக்கும், இந்தத் தடவை முக்கியமாக அப்பாவுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாலு

பின்குறிப்பு: மேலே ஒரு பொய் எழுதிவிட்டேன். பிடிவாதம் பிடித்தது அப்பா இல்லை, நான். முதல் நாளே, "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தேதியும் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே டாக்டர், ஒரே வார்த்தை, நாங்கள் தலையாட்டினோம், எட்டு நாளில் எல்லாம் முடிந்தது. மறுபடி தலையாட்ட என் கழுத்து அசையவில்லை. இன்னொருவரைக் கேட்போம் என்று நான் அழுததால்தான், "சரி, கேட்டா முறையா கேட்கணும்" என்று பசையை எடுத்தார். ஆபரேஷன் போன வியாழக்கிழமை நடந்திருக்க வேண்டும். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போன் செய்து தள்ளிப்போட்டது நான்தான். அப்பாவிடம் டாக்டர் விடுப்பில் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறேன். "பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்ல. நிம்மதியா இருந்துட்டு வரட்டும், போன் பண்ணித் தொந்தரவு பண்ணாதே" என்கிறார். நான் செய்தது அவரைக் காப்பாற்றியதா, கெடுத்ததா என்று தெரியாமல் பக்கத்து அறையில் அவர் இருமினால்கூட எழுந்து உட்காருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து புதுத் தேதி கேட்டுக் கூப்பிடுவார்கள். அதற்குள் பதில் போடுங்கள், சித்தப்பா.