எம்ஐடி லைசென்ஸும் எங்கள் பேனரும்

மனித குலம் கண்ட மாபெரும் கொடை மென்பொருள் உரிமம்தான். நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்கு அப்புறம். வில்லியனூரில் செல்போன் கடை மாடியில் இயங்கும் 'உலகளாவிய' நிறுவனம் ஒன்றின் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் இதை அடித்துச் சொல்கிறேன்.

செலியமேட்டுச் செல்வகுமாரி, எந்தக் கழனிக்கு எப்போது போர்வெல் தண்ணீர் முறை என்று சொல்லும் செயலியை எழுதியிருந்தாள். அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட ஆசைப்பட்டு, எங்களிடம் யோசனை கேட்டு வந்தாள். எந்த உரிமத்தில் என்று முடிவு செய்ய எங்கள் முதலாளி ராஜ்மோகன் 'உயர்மட்டக் கூட்டம்' கூட்டினார். சமோசா வந்தது.

"ஜிபிஎல் போடலாம்னு இருக்கேன் சார். நான் எழுதின கோடிங்கை மாத்தி விக்கறவங்க, மாத்தினதையும் தெறந்து குடுக்கணும்."

"இன்னாம்மா இது, மாப்ள வூட்டுக்காரங்க மாதிரி கண்டிஷன் போடற?" முதலாளி மனம் நொந்தார். "எம்ஐடி போடு. சுதந்திரம்! யாரு வேணா எடுக்கலாம், விக்கலாம், பூட்டியும் வெச்சிக்கலாம்."

"அப்ப எனக்கு இன்னா சார் கெடைக்கும்?"

"எழுதினது நீதான்னு உம் பேரு கூடவே போவணும். அது ஒண்ணுதான் கண்டிஷன்."

வேலை தேடிக்கொண்டிருந்தவளுக்கு, காட்டிக்கொள்ள அந்தப் பெயர் போதும் என்று பட்டது. எம்ஐடி போட்டாள்.

சீக்கிரமே அதே செயலி எங்கள் 'சொந்தக் கண்டுபிடிப்பு' என்று மண்ணாடிப்பட்டில் வெளியானது. காதுகுத்துக்கே தெருவை அடைத்துப் பேனர் வைப்பவர்கள் நாங்கள். இதற்குச் சும்மா இருப்போமா? முதலாளி, முதலாளியின் மச்சான், மச்சானின் கைக்குழந்தை, கூலிங்கிளாஸ் போட்ட நான், எல்லாரும் பேனரில் சிரித்தோம். செல்வகுமாரி இல்லை. செயலிக்குள்ளும் இல்லை. 'வாடிக்கையாளருக்குக் குழப்பம் வேண்டாம்' என்று அவள் பெயரை முதலாளியே தம் பொற்கரத்தால் நீக்கியிருந்தார்.

கண் சிவக்க வந்து நின்றாள். "இண்டர்வியூல இன்னா கேட்டாங்க தெரியுமா சார்? ராஜ்மோகன் ஆப்பைக் காப்பி அடிச்சியான்னு! வேலை போச்சு. எம் பேரு எங்க சார்?"

"பேனர்ல எடம் பத்தலைம்மா."

"உங்க வூட்டு நாய்க்குட்டி இருக்குதே?"

"அது ராசி."

அன்றே ஆப் ஸ்டோருக்குப் புகார் அனுப்பினாள். இருந்த ஒரே நிபந்தனையையும் மீறியதால் அனுமதியே செல்லாதாம். செயலியைத் தூக்கிவிட்டார்கள்.

நாங்கள் தளரவில்லை. பத்திரிகைக் குறிப்பைப் பெருமையோடு தயாரித்திருக்கிறேன்: 'பூட்டிய வீட்டில் யார் வேண்டுமானாலும் திருடுவார்கள். இலவசமாகக் கையில் கொடுத்ததையே திருடிக் காட்டிய நிறுவனம் எங்களுடையது.'