சிவப்பு எழுத்துக்கு எழுந்து நிற்பவர்

முதலில் கைகளைப் பாருங்கள். வலக்கை மவுஸைப் பிடித்திருக்கிறது. இடக்கை கைக்குட்டையால் கணினித் திரையைத் துடைக்கிறது, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கிறது. அங்கே தூசு இல்லை. சிவப்பில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அது போகவில்லை என்றதும் எல்லாவற்றையும் மூடி, பழையபடி திறந்து, ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் அதே புரோகிராமை ஓட்டி, அதே சிவப்பு வந்ததும் புதிதாக ஆச்சரியப்படுகிறார். இந்த இனத்தாருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வாசியாதார்'.

வாசிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வாசியாதாரான செல்வரத்தினம் தோட்ட ஆபிசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். ருவான்வெல்லைப் பக்கத்தில் அவரளவு இங்கிலீஷ் தெரிந்தவர் இல்லை. 2008இல் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கணினி ஒன்றை இரவல் தந்தபோது, சொல்லிக்கொடுக்க அவரைத்தான் பிடித்தோம். தாய்மார் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் அதை வைத்தோம். காம்பராவுக்குப் பொறுப்பு நான்.

பைத்தன் என்ற கணினி மொழியில் அவர் எழுதியது சின்ன விஷயம். குழந்தையின் போன மாத எடையைக் கேள், இந்த மாத எடையைக் கேள், ஒன்றிலிருந்து மற்றதைக் கழி, குறைந்திருந்தால் சொல். மறுநாள் காலை நிறுவனத்து அதிகாரி பார்க்க வருவார். ஓடினால் கணினி எங்களுக்கே. வகுப்பு நடத்தும் வேலை மாணவி சுகந்தினிக்கு. ஓடாவிட்டால் கணினி அரநாயக்கத் தோட்டம் ஒன்றுக்கு, சுகந்தினி கொழும்புத் துணிக்கடைக்கு.

வாசியாதாரின் வைத்தியமுறை தனி.

"நான் எல்லாம் சரியாத்தான் போட்டனான். மெஷினுக்குச் சூடு" என்றார். மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினோம். சிவப்பு. "இப்ப குளிர் பிடிச்சிட்டுது." விசிறியை நிறுத்தினோம். சிவப்பு. ஜன்னலோரம் காய்ந்த குழந்தைத் துணிகளால் கரண்ட் ஈரமாகிறது என்று கொடியை அவிழ்க்கச் சொன்னார். "நேற்று ஓடினது" என்றார். நேற்று அதை எழுதவே இல்லை. கடைசியில் மேசையைக் கிழக்கே திருப்பச் சொன்னார். ஒரு பக்கம் அவர் பிடிக்க, மறுபக்கம் சமையல்காரி கருப்பாயி பிடித்தாள்.

"ஐயா, மாரியம்மனுக்குத் தேங்கா ஒடைக்கவா?"

"கிண்டலோ, கருப்பாயி?"

"இல்லீங்க. மேச கனமா இருக்கு. தேங்கா லேசு."

காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயைக் குழந்தையின் கக்கத்தில் வைத்துவிட்டு, எடுத்துப் பார்க்காமல் துடைத்து உறையில் போடுகிற தாதியை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். விசாரித்தால், "பார்த்தா பயமா இருக்கு மிஸ்" என்பாள். பயந்தவளை மன்னிக்கலாம். குழந்தைக்கு அதனால் என்ன லாபம்?

சுகந்தினிக்கு அன்று பொறுமை போய்விட்டது. மவுஸின் வயரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சிவப்பு வாக்கியம் மூட வழியில்லாமல் திரையிலேயே நின்றது. செல்வரத்தினம் சடாரென எழுந்து, சட்டைப் பொத்தானைப் பூட்டி, தலையைக் குனிந்துகொண்டார்.

"சேர், எதுக்கு எழும்புறீங்க?"

"சிவப்பு, பிள்ளை."

அப்போதுதான் விளங்கியது. தோட்ட ஆபிசில் சிவப்பு மையால் எழுதுகிறவர் தோட்டத்து மேலதிகாரியான பெரிய தொரை ஒருவரே, எழுதுவதும் ஏசுவதற்கு மட்டுமே. கண்டதும் எழும்பி, குனிந்து, தாளைக் கவிழ்த்துவிட்டு, தொரை தேத்தண்ணி குடிக்கும் நேரம்வரை காத்திருந்தால் கோபம் ஆறிவிடும். கடைசிவரை வாசித்தவனுக்கு அன்று சோறு இறங்காது. நல்ல முறைதான், அவருக்கு ஓய்வூதியம்வரை உதவியது. ஆனால் கணினி தேத்தண்ணி குடிப்பதில்லையே!

"ஏச்சாவே இருக்கட்டும், வாசிங்க சேர். சேந்து கேக்க நாங்க இருக்கோம்ல?"

தொண்டையைச் செருமி, தீர்ப்பு வாசிக்கும் குரலில் இங்கிலீஷை வாசித்துத் தமிழிலும் சொன்னார். "இந்த வரியிலை... எழுத்திலை இருந்து எழுத்தைக் கழிக்க ஏலாது." நிறுத்தினார். திரையின் பின்புறம்கூட எட்டிப் பார்த்தார். "அவ்வளவுதானோ? என்ரை பேரே இல்லை!"

ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது.

கேட்டு வாங்கிய எடையை இயந்திரம் வெறும் எழுத்தாகவே வைத்திருந்தது; அது எண் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. எடை கேட்கும் இரண்டு வரிகளிலும் 'இதை எண்ணாக எடு' என்று சுகந்தினி சேர்த்தாள். ஓடியது. சோதிக்கச் சும்மா போட்ட எடைகளைப் பார்த்து, இல்லாத ஒரு குழந்தைக்கு எடை குறைந்திருப்பதாகச் சொன்னது. அந்தக் குழந்தைக்காகக் கருப்பாயி பெருமூச்சு விட்டாள்.

மறுநாள் காலை அதிகாரி கனகாம்பிகை வந்தார். தானே அடித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, எடை கேட்ட இடத்தில் பத்து என்ற எண்ணோடு கிலோ என்பதையும் சேர்த்து அடித்தார். சிவப்பு. படித்த பெண், பட்டம் பெற்றவர், என்ன செய்தார் தெரியுமா? சட்டென எழுந்து சேலையைச் சரிசெய்தார். செல்வரத்தினமும் துணைக்கு எழுந்தார். இருவரும் குனிந்த தலையோடு நிற்க, சுகந்தினி மட்டும் உட்கார்ந்தபடி வாசித்தாள்.

"எண்ண மட்டும் போடட்டாம் மிஸ். கிலோ வேணாமாம்."

அதிகாரி எண்ணை மட்டும் போட்டார். பதில் வந்தது. கணினி இங்கேயே நிற்கட்டும் என்றார், சுகந்தினியைத் திங்கட்கிழமை வகுப்பைத் தொடங்கச் சொன்னார்.

சிரித்தீர்களா? சரி. கடைசியாக உங்கள் திரையில் ஒரு செய்தி குதித்தபோது அவசரமாக ஒரு பொத்தானை அழுத்தி மூடினீர்களே, அதில் என்ன எழுதியிருந்தது? தெரியாதா? எழும்ப வேண்டாம். உட்கார்ந்தே வாசிக்கலாம்.